கங்கை ஓடுற ஊரு ஏன் இப்படி ஆச்சு? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம், பீகார். சிங்கப்பூர் துவாஸ்ல இருந்து ஒரு தம்பி போன இதழ்ல நாலு வரி எழுதியிருந்தாரு, அதப் படிச்சிட்டு ஆளாளுக்கு எழுதிட்டாங்க. அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணே, நான் துவாஸ்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்ல சூப்பர்வைசர். எனக்குக் கீழ மூணு பீகார் பசங்க இருக்காங்க, அதுல ஒருத்தன் பி.ஏ. முடிச்சவன், இங்க வந்து கம்பி கட்டுறான். கங்கை ஓடுற பூமி, வண்டல் மண்ணு, நிலக்கரி இரும்பெல்லாம் அந்தப் பக்கம்தான்னு ஸ்கூல்ல படிச்சோம். அப்புறம் ஏன் அந்த மாநிலம் எந்திரிக்கவே இல்ல? ஆளுங்க சோம்பேறின்னு நாங்க தங்குற டோம்ல (தொழிலாளர் விடுதி) பேசிக்கிறாங்க. அவன் வேலை செய்றத நான் தினம் பாக்குறேன், எனக்கு அது நம்பிக்கை வரல.
– துவாஸ் வாசகர்

பதில்: நம்பாதீங்க தம்பி. பாடலிபுரத்து நந்தர்கள் கங்கைக்கு அடியில ஒளிச்சு வச்ச செல்வம்னு நம்ம அகநானூத்துலயே வருது, அப்பேர்ப்பட்ட ஊரு அது. இன்னிக்குப் பாட்னா. அந்த மண்ணுல உள்ளவங்களுக்குத் திடீர்னு சோம்பேறித்தனம் வந்துடுமா?

1793ல இருந்து பாக்கணும். அந்த வருஷம் கார்ன்வாலிஸ் வங்காளத்துலயும் பீகார்லயும் நிரந்தர ஜமீன் முறைய கொண்டு வந்தாரு, அதாவது ஜமீன்தார் கம்பெனிக்கு இவ்வளவுதான் கட்டணும்னு ஒரு தொகைய என்னிக்கும் மாறாம முடிவு பண்ணிட்டாங்க, அதுக்கு மேல அவரு குடியானவன்கிட்ட எவ்வளவு பிடுங்குறாருங்கறது அவரு பாடு. நம்ம பக்கமும் ராமநாதபுரம் சிவகங்கைன்னு ஜமீன் இருந்துச்சு, ஆனா பெரும்பகுதி ரயத்துவாரி, சர்க்கார் நேரடியா விவசாயிகிட்ட வரி வாங்குச்சு. அதுவும் கொடுமைதான், இல்லங்கல. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. நேரடியா வரி வாங்கணும்னா எந்த வயல் யாரோடது எவ்வளவு விளையுதுன்னு சர்க்காருக்குத் தெரியணும், அதுக்கு ஊருக்கு ஒரு கர்ணம் வேணும், பட்டா வேணும், அடங்கல் வேணும். அப்படியே சர்க்காரோட கை கிராமம் வரைக்கும் நீண்டுச்சு. பீகார்ல அந்தக் கை நீள வேண்டிய அவசியமே வரல, ஜமீன்தாரோட ஆளு வந்தான், வாங்கினான், போனான். அபிஜித் பானர்ஜியும் லட்சுமி அய்யரும் 2005ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பழைய ஜமீன் மாவட்டங்கள்ல சுதந்திரத்துக்கு அப்புறமும் விளைச்சல் கம்மி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி கம்மின்னு கணக்கு எடுத்துக் காட்டியிருக்காங்க. ஜமீன ஒழிக்க 1950லயே பீகார் சட்டம் போட்டுச்சு, கோர்ட்டுக்குப் போயி அது செல்லாதுன்னு ஆகி, அரசியல் சட்டத்தையே 1951ல திருத்த வேண்டியதாப் போச்சு. சட்டம் வந்துச்சு, நிலம் பெருசா கை மாறல. 2024ல கூட கிராமம் கிராமமா நில அளவை நடத்தி யாரு நிலம் யாருக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தாங்கன்னா பாத்துக்கோங்க.

ரெண்டாவது, நிலக்கரியும் இரும்பும். இது நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும். 1950கள்ல இந்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடுன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அப்போ பீகார்ல இருந்த ஜம்ஷெட்பூர் இரும்பு பாட்னாவுல என்ன விலையோ அதே விலைதான் மதராஸ்லயும் பம்பாய்லயும், ரயில் செலவோட வித்தியாசம் வாங்குறவன் தலையில விழாம பாத்துக்கிட்டாங்க. 1990களோட ஆரம்பம் வரைக்கும், கிட்டத்தட்ட 40 வருஷம் இது ஓடுச்சு. சுரங்கத்துக்குப் பக்கத்துல ஃபேக்டரி போடுறதுல என்ன லாபம் இருக்கோ அந்த லாபம் அதோட போச்சு, அதே இரும்பு அதே விலைக்கு துறைமுகத்துக்குப் பக்கத்துலயே கிடைக்கும்போது எவன் பீகாருக்குப் போவான்? பருத்திக்கு இந்த மாதிரி சமன் கிடையாது, அது விளையுற பக்கம் மில்லும் இருந்துச்சு. மகாராஷ்டிரா குஜராத் தமிழ்நாடெல்லாம் வளந்ததுல இந்தக் கொள்கைக்கும் பங்கு இருக்கு, அத நாம மறைக்கக் கூடாது. நம்ம திறமை மட்டும்தான்னு மார்தட்டிக்கிறது எனக்குப் பிடிக்கல. கடைசியில 2000 நவம்பர்ல ஜார்க்கண்ட் தனி மாநிலமா பிரிஞ்சப்போ அந்தச் சுரங்கம், ஜம்ஷெட்பூர், பொக்காரோ, தன்பாத் எல்லாம் அங்க போயிருச்சு. பீகாருக்கு மிஞ்சுனது வயலும் வெள்ளமும்.

மூணாவதுதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன். அத நான் கண்ணால பாத்தேன்.

2004ல அப்பாவுக்குத் திதி குடுக்க அம்மாவ கூட்டிட்டு காசி போயிட்டு அப்படியே பீகார்ல இருக்கற கயாவுக்குப் போனேன். விஷ்ணுபாதத்துல பிண்டம் வச்சு முடிச்சதும், கார் ஓட்டுன பெரியவரு தயங்கித் தயங்கி, ஒரு பத்து நிமிஷம் ஒரு ஆபீஸ்ல நிறுத்தலாமா, பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்கணும், இது அஞ்சாவது தடவைன்னாரு. வெயிலு தாங்காம நானும் அவரோட உள்ள போனேன். பெரிய ஹால், 12 மேஜை எண்ணுனேன், இருந்தது ஒரு கிளார்க்கும் ஒரு பியூனும். மத்த மேஜை மேல எல்லாம் சிவப்புத் துணியில கட்டுன ஃபைல் மூட்டை, அதுல படிஞ்ச தூசுல யாரோ விரலால பேரு எழுதியிருந்தாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, அரைகுறை இந்தியில கேட்டேன், ஏன்யா இவர இப்படி அலைய விடுறீங்கன்னு. அந்த கிளார்க் என்கிட்ட கோவிச்சுக்கல. எந்திரிச்சு ஒவ்வொரு நாற்காலியா கை காட்டுனாரு: இவரு ரிட்டயர் ஆகி ஆறு வருஷம், இவரு செத்து மூணு வருஷம், இந்த சீட்டுல நான் சேந்ததுல இருந்தே ஆள் கிடையாது, இந்த மூணு சீட் வேலையையும் நான்தான் பாக்குறேன், சான்றிதழ்ல கையெழுத்துப் போட வேண்டிய ஆபீசருக்கு இன்னும் ரெண்டு பிளாக் (நம்ம ஊராட்சி ஒன்றியம் மாதிரி) பொறுப்பு, வாரத்துல ஒரு நாள்தான் இங்க வருவாரு. பெரியவரு கையக் கூப்பி, சரி அடுத்த வாரம் வர்றேன்னு வெளிய வந்துட்டாரு.

மோசமான நிர்வாகம்னு பேப்பர்ல படிக்கிறப்போ நமக்கு லஞ்சம் வாங்குற ஆளு ஞாபகம் வருவான், எனக்கு அந்த 12 மேஜை ஞாபகம் வருது. ஆள் இல்லாத ஆபீஸ்ல காசு குடுத்தாக்கூட வேலை நடக்காது தம்பி. டெல்லியில இருந்து ரோடு போட பணம் ஒதுக்குனா எஸ்டிமேட் போட இன்ஜினியர் இல்ல, எஸ்டிமேட் போகலன்னா பணம் வராது, வராத பணம் வருஷக் கடைசியில வேற மாநிலத்துக்குப் போயிரும். ஏழை மாநிலம், ஆனா குடுக்குற காச வாங்கிச் செலவு பண்ணவே தெம்பு இல்ல. 1960-61ல பீகாரோட தலா வருமானம் இந்திய சராசரி 100னா 70 இருந்துச்சு. 2000-01ல 31. ஜார்க்கண்ட் பிரிஞ்சதும் அதுல சேரும், ஆனா சரிவு அதுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்கிருச்சு.

கேள்வி: ஐயா, எல்லாத்துக்கும் லாலுதானே காரணம்? மாட்டுத் தீவன ஊழல் அவ்வளவு பெருசா நடந்துச்சே. சாதி பாத்து ஓட்டுப் போட்டா இப்படித்தான் ஆகும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு.
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி அம்மா, மீதிப் பாதியையும் அவரு கேக்கணும்.

லாலு பிரசாத் 1990ல முதல்வர் ஆனாரு. 1996ல சாய்பாசா கருவூலத்துல தொடங்கி தீவன ஊழல் வெளிய வந்துச்சு, இல்லாத மாட்டுக்குத் தீவனம் வாங்குனதா பில்லு, மாடு ஏத்திட்டுப் போன லாரின்னு எழுதியிருந்த நம்பரப் பாத்தா அது ஸ்கூட்டர் நம்பர், மொத்தம் 950 கோடி ரூபாய் பக்கம். 1997ல அவரு பதவி விலகி மனைவி ராப்ரி தேவிய உக்கார வச்சாரு, 2013ல தண்டனை கிடைச்சுது. ஆள் கடத்தல் ஒரு தொழிலாவே நடந்த காலம் அது, டாக்டருங்க, வியாபாரிங்க ஊரை விட்டே போனாங்க. அதுக்கு மன்னிப்பே கிடையாது, நான் வக்காலத்து வாங்க வரல.

ஆனா ஏழை ஜனம் ஏன் 15 வருஷம் அவங்களுக்கே ஓட்டுப் போட்டுச்சு? அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல பிற்படுத்தப்பட்டவனும் தலித்தும் மேல்சாதிக்காரன் முன்னாடி கட்டில்ல உக்கார முடியாது, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்க முடியாது, ஓட்டுச்சாவடிக்கே போக விடமாட்டாங்க. லாலு அவங்களுக்கு ரோடு போடல, ஆனா தலை நிமிந்து நடக்க வச்சாரு. வயிறு காயுறவனுக்கும் மானம் இருக்கு, அத நம்ம தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

இப்போ அந்த காலி நாற்காலிக்கு வர்றேன். சந்தோஷ் மேத்யூ, மிக் மூர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2011ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அவங்க சொல்றது என்னன்னா, அந்த இடமெல்லாம் நிரப்ப முடியாம கிடக்கல, நிரப்பாம விட்டாங்க. பரீட்சை வச்சு ஆள் எடுத்தா படிச்ச மேல்சாதிப் பிள்ளைங்கதான் பெரும்பாலும் வருவாங்க, அப்போ ஆபீஸ் முழுக்க எதிராளி கையில போயிரும், அதுக்கு ஆபீஸே பலமில்லாம கிடக்கட்டும்ங்கறது அரசியல் கணக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்லாம செத்த பிள்ளை எந்த சாதி? லாலுவுக்கு ஓட்டுப் போட்ட அதே சாதிதாம்மா. என்னால தாங்க முடியாத இடம் இதுதான். பிள்ளைங்கள படிக்க வச்சு அந்த நாற்காலியில உக்கார வைக்கிற வழி ஒண்ணு இருந்துச்சு. தமிழ்நாட்டுலயும் சாதி அரசியல்தான் நடந்துச்சு, நடக்குது, ஆனா இங்க இடஒதுக்கீட்ட வச்சு ஆபீஸ நிரப்புனாங்க. காமராஜர் காலத்துல 1956ல மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். அத விரிச்சாரு, ஆட்சி மாறுனாலும் சோத்துக் கரண்டிய யாரும் கீழ வைக்கல. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல எழுத்தறிவு 80 சதவீதம், பீகார்ல 61.8, அதுலயும் பொம்பளைங்க 51 சொச்சம். சாதி ரெண்டு பக்கமும் இருக்கு, பள்ளிக்கூடம் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

கேள்வி: சார், சிங்கப்பூர்ல தண்ணிகூட கிடையாது, நாம மேல வரலையா? நல்ல தலைவர் ஒருத்தர் இருந்தா பீகாரும் 30 வருஷத்துல சிங்கப்பூர் ஆகாதா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: தேசிய தினம் வந்தா எனக்கும் நெஞ்சு நிமிரும், ஆனா இந்த ஒப்பீடு சரி வராது. 1819ல இருந்தே இது துறைமுகம், கப்பல் வந்து போற வழி, 1959லயே ஆசியாவுல ஓரளவு வசதியான ஊரு இது. பீகாருக்குக் கடலே கிடையாது. நாம 60 லட்சம் பேரு, அங்க 2023ல எடுத்த சாதிக் கணக்கெடுப்புல 13 கோடி. 2011 கணக்குப்படி அதுல நகரத்துல இருக்கறவங்க 11 சதவீதம்தான், தமிழ்நாட்டுல 48. சிங்கப்பூர் தனி நாடு, வரி என்ன, எந்தக் கம்பெனிய கூப்பிடுறதுன்னு நாமளே முடிவு பண்ணலாம், பாட்னாவால ரயில் கட்டணத்தக்கூட மாத்த முடியாது.

வெள்ளத்தையும் சேத்துக்கோங்க. நேப்பாள மலையில இருந்து கோசி, கண்டக், பாக்மதி எல்லாம் வண்டல அள்ளிக்கிட்டு வந்து வட பீகார்லதான் கொட்டுது. 2008 ஆகஸ்ட் 18ல நேப்பாளத்துல குசஹாங்கற இடத்துல கோசி கரை உடைஞ்சு ஆறு தடமே மாறிருச்சு, 30 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. அந்தக் கரை இருக்கிறது வேற நாட்டுல, பராமரிக்க வேண்டியது இந்தியப் பக்கம். இத ஒரு மாநில முதல்வர் தனியா என்ன பண்ணுவாரு?

எடுத்துக்கக் கூடியது ஒண்ணு இருக்கு. நம்ம ஆளுங்க சிங்கப்பூர்னா லீ குவான் யூன்னு மட்டும் சொல்லுவாங்க, 1952ல லஞ்ச ஒழிப்புப் பிரிவு, 1960ல லஞ்ச ஒழிப்புச் சட்டம், 1960ல வீடு கட்டிக் குடுக்குற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), 1961ல பொருளியல் வளர்ச்சிக் கழகம்னு வரிசையா ஆபீசா கட்டுனாங்க பாருங்க, அத மறந்துடுறாங்க. ஒவ்வொண்ணுலயும் தெனமும் காலையில வந்து உக்காந்து வேலை பாக்குற ஆளு இருந்தாங்க. என் அம்மா தோ பாயோ வீட்டுக்கு மனு போட்டப்போ கவுன்டர்ல இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இருந்தும் அரை மணி நேரத்துல ஃபாரம் நிரப்பிக் குடுத்து அனுப்புனாங்க. அப்போ அது பெருசாத் தெரியல. கயாவுல அந்தப் பெரியவரோட நின்னப்போதான் தெரிஞ்சுது.

கேள்வி: 2005க்கு அப்புறம் பீகார் மாறிடுச்சுன்னு வகுப்புல படிச்சோம். அப்படின்னா ஏன் இன்னும் வண்டி வண்டியா வெளிய வர்றாங்க?
– பல்கலைக்கழக மாணவி, கிளமெண்டி

பதில்: மாறுச்சு கண்ணு, பொய் இல்ல. நிதிஷ் குமார் 2005 நவம்பர்ல முதல்வரா வந்ததும் முதல் வேலையா ரவுடிங்க கேஸ வேகமா நடத்தித் தண்டனை வாங்கிக் குடுத்தாங்க, போலீஸுக்கு ஆள் இல்லன்னு ரிட்டயர் ஆன ராணுவ வீரர்கள எடுத்தாங்க. 2006 ஆரம்பத்துல ஒரு பிளாக் அரசு ஆஸ்பத்திரிக்கு மாசத்துக்கு சராசரியா 39 நோயாளிதான் வந்தாங்கன்னு கணக்கு, நாளைக்கு ரெண்டு பேருகூட இல்ல, ஏன்னா போனா டாக்டரும் இல்ல மருந்தும் இல்ல. டாக்டரப் போட்டு மருந்து குடுத்ததும் கூட்டம் ஆயிரக்கணக்குல வந்துச்சு. அதே வருஷம் பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் இடஒதுக்கீடு.

அப்புறம் அந்த சைக்கிள். 9ஆம் வகுப்பு சேர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் குடுத்தாங்க. 2014ல நான் மறுபடி கயா போனேன், அதே ரோடு, குழி இல்லாம தார் போட்டிருந்துச்சு, காலையில ஏழு மணி பனியில நீலக் குர்தா போட்ட பொண்ணுங்க வரிசையா சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போகுதுங்க, பின்னாடி கேரியர்ல தங்கச்சி வேற. கார நிறுத்தச் சொல்லிப் பாத்துக்கிட்டே நின்னேன், என் கண்ணு கலங்கிருச்சு. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இத ஆராய்ச்சி பண்ணி, உயர்நிலைப் பள்ளியில பொண்ணுங்க சேர்றது 30 சதவீதத்துக்கு மேல கூடுச்சுன்னு எழுதியிருக்காங்க.

ஆனா பாரு, நான் மேல 100க்கு 31னு சொன்னேன்ல, 20 வருஷம் இவ்வளவு வேகமா வளந்தும் 2023-24ல அது 33 பக்கம்தான் வந்திருக்கு. சரிவு நின்னுச்சு, ஏத்தம் இன்னும் வரல. ரோடும் கரண்டும் வந்த அளவுக்கு ஃபேக்டரி வரல, சைக்கிள் மிதிச்சுப் படிச்ச பொண்ணுக்கு ஊர்ல வேலை இல்ல. பையனுங்க அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதியே 30 வயசாகுது, அதுலயும் 2022ல மாநிலத் தேர்வாணையத்தோட வினாத்தாளே முன்கூட்டி வெளிய வந்து பரீட்சைய ரத்து பண்ணுனாங்க. 2016ல மதுவிலக்கு கொண்டு வந்தாங்க, குடிகாரன் பொண்டாட்டிங்க கேட்டுத்தான் வந்துச்சு, அந்த நியாயம் எனக்குப் புரியுது, ஆனா இருக்குற கொஞ்ச போலீஸும் கோர்ட்டும் பாட்டில் கேஸ்லயே மாட்டிக்கிச்சு, 2022 டிசம்பர்ல சாரண் மாவட்டத்துல கள்ளச்சாராயம் குடிச்சு 70 பேருக்கு மேல செத்தாங்க. சுல்தான்கஞ்ச்ல கங்கை மேல 1,700 கோடியில கட்டிக்கிட்டு இருந்த பாலம் 2022ல கொஞ்சம் விழுந்துச்சு, 2023 ஜூன்ல இன்னும் கொஞ்சம் விழுந்துச்சு, 2024ல சின்னதும் பெருசுமா பத்துப் பாலத்துக்கு மேல. கட்டுறதுக்கு இப்போ காசு இருக்கு, கான்ட்ராக்டர் போடுற சிமென்ட்ட நின்னு பாக்குற இன்ஜினியர் போதல. அரசாங்கத்த உடைக்க 15 வருஷம் போதும்மா, திருப்பிக் கட்ட எவ்வளவு வருஷம் ஆகும்னு அங்க கண்ணு முன்னாடி நடக்குது.

ஒண்ணு மட்டும் நம்பிக்கையா சொல்றேன். 2023 நவம்பர்ல ஒரே மூச்சுல 1 லட்சத்து 20 ஆயிரம் வாத்தியார்களுக்கு வேலை உத்தரவு குடுத்தாங்க. அந்த 12 மேஜையில ஒண்ணுலயாவது இப்போ ஆள் உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிறேன்.

கேள்வி: எல்லாம் சரி, அவங்க வந்து தமிழ்நாட்டுலயும் இங்கயும் நம்ம ஆளுங்க வேலைய எடுத்துக்கிறாங்களே?
– யீஷூன் வாசகர்

பதில்: நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்த நம்ம தாத்தாங்களையும் இப்படித்தான் பேசுனாங்க ஐயா. கல்கத்தாவுல கப்பல் ஏத்தி போஜ்புரி பேசுறவங்கள மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் கரும்பு வெட்டக் கொண்டு போனாங்க, அவங்க எழுதுன அதே கைநாட்டு ஒப்பந்தத்த நம்ம ஆளுங்களும் எழுதியிருக்காங்க. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகாரிகள அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பாவம், திருப்பூர்ல இருந்தவங்க பயந்துபோயி ரயில் ஏறுனாங்க. அந்த வாரம் சில மில்லுல தறி ஓட ஆள் இல்ல. யாரு யாரு வேலைய எடுத்துக்கிட்டாங்கன்னு அங்க போயி கேளுங்க.

துவாஸ் தம்பிக்கு இன்னொரு வார்த்தை. தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் அவங்களுக்கு சட் பூஜை, தண்ணியில இடுப்பளவு நின்னு மறையுற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் கும்பிடுவாங்க, ஊர்ல அம்மாதான் 36 மணி நேரம் தண்ணிகூட குடிக்காம விரதம் இருப்பாங்க. அந்த பி.ஏ. பையன் அன்னிக்கு வீடியோ கால் போட அரை நாள் லீவு கேட்டா குடுத்துருங்க.